ஒன்பது நாற்று முடி

ஆற்றோரத்து ஊர் ஒன்றில் வைரக்கண்ணு என்று ஒரு நில அளவர் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் அவர் ஒரு கணக்கு ஆசிரியையிடம் சீடராகச் சேர்ந்ததுதான் ஊருக்குப் பெரிய வேடிக்கை. ஆசிரியை அஞ்சுகத்துக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

"மக வயசுப் பொண்ணு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீரே?" என்று ஒருவர் கேட்டார்.

"அறிவுக்கு வயசு பாத்தா நீர் இன்னும் தொட்டில்லதான் கிடக்கணும்" என்றார் வைரக்கண்ணு. அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாருக்கும் சீடரில்லை. அது அவருடைய அளவுக் கயிறு. இருநூறு கோல் நீளம். ஊருக்குக் குறுக்கே புதுக் கால்வாய் வெட்டினார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு மாற்று நிலம் அளந்து கொடுக்கும் பொறுப்பு அவருடையது. பழைய நிலத்தைச் சுற்றிய கயிறு புது நிலத்தையும் இழுபறி இல்லாமல் சுற்றி வந்தால் அளவு சரி. அவர் அப்பா அப்படித்தான் அளந்தார். தாத்தாவும் அப்படித்தான்.

ஒரு நாள் மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரத்தில், அவர் அஞ்சுகத்தின் பள்ளிக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அம்மா, எனக்கு ஒரு பதில் வேணும். நாளைக்குக் காலையில ஊர்ச்சபை."

"என்ன ஆச்சு, ஐயா?"

"காத்தாயின்னு ஒருத்தி. நான் நிலத்தைக் குறைச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறா."

காத்தாயி மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாய்ப் பயிர் செய்கிறவள். அவளுடைய பழைய நிலம் ஐம்பதுக்கு ஐம்பது கோல், நல்ல சதுரம். மாற்றாகக் கிடைத்தது ஐம்பத்து மூன்றுக்கு நாற்பத்தேழு. சதுரக் கோலுக்கு ஒரு நாற்று முடி, அதாவது ஒரு கட்டு நாற்று, என்பது அவள் வழக்கம். வருஷா வருஷம் இரண்டாயிரத்து ஐந்நூறு முடி கட்டுவாள், எல்லாம் வயலுக்குள் போய்விடும். இந்த வருஷம் ஒன்பது முடி மிஞ்சிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு வைரக்கண்ணு வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். எண்ணத் தெரியாதவள் என்று அவர் திட்டி அனுப்பிவிட்டார். பேச்சு வளர்ந்தது. நாளைச் சபையில் அவள் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் மாற்று நிலமும் கிடையாது என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"அவ விழமாட்டேங்கிறா" என்றார் வைரக்கண்ணு. "கயிறு அதே கயிறு. ஒரு விரக்கடைகூடக் கூடல, குறையல. அப்புறம் நிலம் எப்படிம்மா குறையும்? சபையில நீங்க வந்து இதைச் சொல்லணும்."

அஞ்சுகம் உள்ளே போய் ஒரு கூடையை எடுத்து வந்தாள். சதுரமாகத் தேய்த்த ஓட்டுச் சில்லுகள். தரையில் பத்துக்குப் பத்தாக இடைவெளி இல்லாமல் அடுக்கினாள். சுற்றி ஒரு நூலை வைத்து இரண்டு நுனியையும் முடிந்தாள்.

"இது என்ன?" என்று அவரிடம் கேட்டாள்.

"நூறு சில்லு. அதைச் சுத்தி நூல்."

அவள் அடி வரிசையிலிருந்த பத்துச் சில்லுகளையும் எடுத்தாள். மிச்சமிருந்த ஒன்பது வரிசையின் பக்கவாட்டில் நிற்க வைப்பதுபோல் நெடுக அடுக்கினாள். ஒன்பது பொருந்தியது. பத்தாவதுக்கு இடமில்லை. நூலைத் திரும்பச் சுற்றினாள். அச்சாகப் பொருந்தியது.

கையில் ஒரு சில்லு.

"ஒண்ணுதானே" என்றார் வைரக்கண்ணு. "சின்னச் சதுரம், அதான். பெருசா அடுக்கினா?"

"அடுக்குங்க."

அவரே உட்கார்ந்து இருபதுக்கு இருபது அடுக்கினார். நானூறு சில்லு. முதுகு வலித்தது. கீழ் வரிசை இருபதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பத்தொன்பது பொருந்தியது. கையில் ஒன்று நின்றது.

"இன்னும் பெருசா?"

"ஒண்ணு."

"ஆயிரத்துக்கு ஆயிரம்?"

"ஒண்ணு."

"ஊரளவு? நாட்டளவு?"

"ஒண்ணுதான், ஐயா."

வைரக்கண்ணு கையிலிருந்த சில்லையே பார்த்தார். அவருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கோபமாக வந்ததும் மறந்தது, சபையும் மறந்தது. எத்தனை பெரிய நிலமானாலும் அதன் மூலையில் இந்த ஒற்றைச் சதுரம் விடாமல் உட்கார்ந்திருக்கிறது! யார் வைத்தார்கள் இதை? நாமெல்லாம் இதைப் பள்ளிக்கூடத்தில் இயற்கணிதம் என்ற பேரில் எழுத்துகளாக எழுதி, மதிப்பெண் வாங்கி, மறந்துபோனவர்கள். அவருக்கு அந்தப் பாக்கியம் இல்லாததால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"ரெண்டு வரிசை எடுத்தா?" குரல் தாழ்ந்திருந்தது.

"எடுத்துப் பாருங்க."

பத்துச் சதுரத்தில் இரண்டு வரிசை எடுத்தார். இருபது சில்லு. பக்கத்தில் எட்டு எட்டாகப் பதினாறு பொருந்தியது. நான்கு மிஞ்சியது. அந்த நான்கைத் தரையில் சேர்த்து வைத்தார். அதுவும் ஒரு குட்டிச் சதுரம்.

"அடேயப்பா" என்றார்.

மூன்று வரிசை எடுத்தார். முப்பது. ஏழு ஏழாக மூன்று நெடுக்கு, இருபத்தொன்று. மீதியை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். எண்ணி முடிக்க அவருக்குப் பயமாக இருந்தது. எதிரே மூன்றுக்கு மூன்றாக உட்கார்ந்திருந்தது மிச்சம்.

"ஒம்பது" என்றாள் அஞ்சுகம். "ஐம்பதுல மூணு குறைச்சு, மூணு கூட்டினீங்க. மூணு மூணு ஒம்பது. அவ்வளவுதான் கணக்கு."

வைரக்கண்ணு மெல்லச் சமாளித்துப் பார்த்தார். மனிதர்தானே.

"ரெண்டாயிரத்து ஐந்நூறுல ஒம்பது. இது ஒரு பெரிய விஷயமாம்மா?"

"நிறுத்தாதீங்க, ஐயா. இன்னும் இழுங்க."

ஐந்து வரிசை எடுத்தார். இருபத்தைந்து மிஞ்சியது. நிலம் நீண்டு மெலிந்தது. நூல் பொருந்தியது. ஒன்பது வரிசை எடுத்தார். தரையில் ஒற்றை வரிசையாகப் பத்தொன்பது சில்லு. எண்பத்தொன்று வெளியே கிடந்தது. நூல் அப்போதும் பொருந்தியது.

"இன்னும் ஒரு வரிசை இருக்கு" என்றாள் அஞ்சுகம்.

அவர் அதையும் எடுத்தார். தரையில் சில்லே இல்லை. நூல் மட்டும் இரண்டாக மடிந்து ஒட்டிக் கிடந்தது.

"நூல் குறைஞ்சுதா?"

"இல்ல."

"நிலம்?"

வைரக்கண்ணு அந்த மடிந்த நூலைப் பார்த்தார். கால் வைக்க இடமில்லாத நிலம். அதைச் சுற்றி முழு அளவு கயிறு.

"அம்மா" என்றார். "கால்வாய் ஓரமா தவசிக்கு அளந்து குடுத்தேன். அவனோட பழைய நிலமும் ஐம்பதுக்கு ஐம்பதுதான். புதுசு எண்பதுக்கு இருபது. நீட்டு நிலம், யோகக்காரன்டான்னு முதுகுல தட்டி அனுப்பினேன். விளைச்சலே இல்லைன்னு மண்ணுக்குப் பூசை போட்டான் அவன். கடன் வாங்கிப் போட்டான்."

"ஐம்பதுல முப்பது இழுத்திருக்கீங்க."

"முப்பது முப்பது..." அவர் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. தொள்ளாயிரம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெயில் தாழ ஆரம்பித்தது. அவர் சில்லுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டார்.

"நாளைக்கு இதை நான் சபையில சொன்னா, முப்பது வருசமா நான் அளந்தது எல்லாம் எழுந்து வரும்மா. எங்கப்பா அளந்தது, எங்க தாத்தா அளந்தது, எல்லாம் வரும்."

"வரும்."

"நான் வாயைத் திறக்காம இருந்துட்டா?"

"அப்பவும் ஒம்பது மிஞ்சும், ஐயா."

மறுநாள் காலை சபை கூடியது. காத்தாயி நடுவில் நின்றாள். பிள்ளைகள் மூவரும் அவள் சேலையைப் பிடித்திருந்தார்கள். தலைவர் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் வைரக்கண்ணு எழுந்து வந்து கூடையைக் கவிழ்த்தார். பத்துக்குப் பத்து அடுக்கினார். மூன்று வரிசை எடுத்தார், பக்கத்தில் வைத்தார், மிச்சத்தைக் காட்டினார்.

"அந்தம்மா எண்ணினது சரி. என் கயிறுதான் தப்பு. தவசிக்கும் தப்பா அளந்திருக்கேன். இன்னும் பல பேருக்கு."

சபையில் கூச்சல் கிளம்பியது. ஆளாளுக்குத் தன் நிலத்தின் நீளத்தையும் அகலத்தையும் சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். யாரோ அவரை ஏமாற்றுக்காரன் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. எல்லா மாற்று நிலங்களையும் திரும்ப அளப்பது என்று முடிவானது. தலைவர் கையை நீட்டினார். வைரக்கண்ணு அளவுக் கயிற்றைத் தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

காத்தாயி அசையாமல் நின்றிருந்தாள். கூச்சல் அடங்கியதும் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் சரியாத்தான் எண்ணினேனா?"

"சரியாத்தான் எண்ணின, தாயி."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று சாயங்காலம் வைரக்கண்ணு வழக்கம்போல் பாடத்துக்கு வந்தார். தோள் வெறுமையாக இருந்தது. அஞ்சுகம் அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க, ஐயா."

"முப்பது வருசம் இந்த ஊரு நிலத்தை எல்லாம் என் காலாலேயே அளந்தேன். என் காலு படாத வயல் இல்ல. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சது எனக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

"நீங்க வரப்பு மேலேயே நடந்தீங்க, ஐயா. அவங்க உள்ள எறங்கி நட்டாங்க."