ஹபீபா சொன்ன பதில்

பாக்தாத் நகரத்து யூதர்கள் தங்கள் குருவை ஹாகாம் என்று அழைப்பார்கள். ஹாகாம் நிஸ்ஸிமிடம் இருபது வருடம் பாடம் கேட்டவர் ஹெஸ்கேல். அந்தப் பகுதியின் அறுபது பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான்.

பஸ்கா பண்டிகையின் முதல் இரவு. குருவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஹெஸ்கேல் வீட்டு விருந்துக்கு வந்திருந்தார்கள்.

முன்னோர்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்து மீண்டு வந்த கதையை அன்று வாசிப்பார்கள். அதற்கு முன்பு, வீட்டுப் பிள்ளை புளிப்பில்லாத அப்பத்தைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டும். எங்கிருந்து வருகிறாய் என்று தகப்பன் கேட்பார். எகிப்திலிருந்து என்று பிள்ளை சொல்ல வேண்டும். அந்த ஊர் வழக்கம் அது.

ஹெஸ்கேலுக்கு ஒரே மகள், ஹபீபா. ஏழு வயது. அந்த வருடம்தான் முதல்முறையாக மூட்டையைத் தூக்கினாள்.

“எங்கிருந்து வருகிறாய்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“அடுப்படியிலிருந்து வருகிறேன், அப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஹெஸ்கேலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவரிடம் படிக்கிற ஆகச் சின்னப் பையன்கூடச் சரியாகச் சொல்லியிருப்பான்.

“நீ யூத வீட்டில்தான் பிறந்தாயா?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஹபீபா மூட்டையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக ஹெஸ்கேல் குருவின் வீட்டுக்குப் போனார். குரு வாதுமைக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் வீட்டுப் பிள்ளைக்கு நேரமில்லாமல் போனதை ஹெஸ்கேல் சொன்னார். இனி எந்த முகத்தோடு பள்ளிக்குப் போவது என்றார். இன்று இரண்டாம் இரவு, மறுபடியும் அதே விருந்து. ஹபீபா வரவே மாட்டேன் என்கிறாள். எந்த நூலிலிருந்து தொடங்கினால் நம் வழி அவள் மனதில் பதியும் என்று கேட்டார்.

“அவள் உள்ளே போன பிறகு நீ என்ன செய்தாய்?”

“வாசிப்பை நிறுத்தக் கூடாதே. தொடர்ந்து வாசித்தேன்.”

“எந்தப் பகுதியை?”

ஹெஸ்கேல் சொல்ல வாயெடுத்தார். மீண்டு வந்த கதையைத் தகப்பன் தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்கிற பகுதி அது. ராகம் பிசகாமல் வாசித்திருந்தார். பக்கத்து அறையில் அவள் அழுதது விருந்தாளிகள் காதில் விழாமலிருக்கக் குரலை உயர்த்தியதும் நினைவுக்கு வந்தது. அப்போது குரு தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததும்.

தலை தானாகக் குனிந்தது. குரு அடுத்த கொட்டையை எடுத்தார்.

“இன்று அவள் வந்தால்... முதலில் அவளிடம் நான் என்ன கேட்க வேண்டும், குருவே?”

“மன்னிப்பு.”