குடைமிளகாயில் பாதி

ஒரு காட்டின் ஓரத்தில் பெரிய நாவல் மரம் ஒன்று இருந்தது. அதில் ஒரு குரங்கும் ஒரு கிளியும் சேர்ந்து வாழ்ந்தன. அந்த நாள்கள் எவ்வளவு நல்லவை தெரியுமா, குழந்தைகளே? இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

எந்தப் பழம் கிடைத்தாலும் கிளிதான் முதலில் கடித்துப் பார்க்கும். "நல்லா இருக்கு, குரங்கண்ணே" என்று சொல்லி மீதிப் பாதியைக் கீழ்க்கிளைக்குப் போடும். குரங்கு இரு கைகளாலும் ஏந்திக்கொள்ளும். முகர்ந்துகூடப் பார்க்காது. கிளியம்மா சொன்னால் சரிதான் என்று அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும்.

ஒருநாள் கிளி ஓடைக்கு அப்பால், மனிதர்கள் விட்டுப்போன தோட்டத்தில், சின்னச் சின்னச் சிவப்புக் காய்களைக் கண்டது. தின்றது. பிடித்திருந்தது. "நல்லா இருக்கு" என்று நண்பனுக்கும் ஒரு கொத்தைக் கொண்டுவந்து போட்டது. அத்தனையும் ஊசிமிளகாய்.

குரங்கு எல்லாவற்றையும் ஒரே வாயில் மென்றது. அவ்வளவுதான், மரத்திலிருந்து ஓடைக்கு ஒரே பாய்ச்சல். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

"உனக்கு எரியலையா?" என்று கத்தியது.

"எரியுறதுன்னா என்ன அண்ணே?" என்று கிளி கேட்டது. உண்மையிலேயே அதற்குத் தெரியாது.

"என்னை அழவைத்துவிட்டுக் கேலி வேறயா? இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்."

குரங்கு அன்றைக்கே தூரத்துப் புளியமரத்துக்குக் குடிபோய்விட்டது.

மூன்று மழைக்காலம் போனது. கிளி பழைய பழக்கத்தில் பழத்தின் பாதியைக் கீழே போடும். அது தரையில் விழும், எறும்பு தின்னும். அங்கே குரங்கும் ஒரு பழத்தைப் பறித்தால் ஒரு கணம் அண்ணாந்து பார்க்கும். மேலே யாரும் இருக்க மாட்டார்கள். நெஞ்சு நிறைய ஆசை இருந்தும் அந்த ரோஷக்காரக் குரங்கு பேச மட்டும் போகவில்லை.

நான்காம் ஆண்டு மழை பொய்த்தது. நெல்லி காய்க்கவே இல்லை. குரங்கின் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. காலில் பட்ட சிறு கீறல்கூட ஆறவில்லை. எதையும் சரியாகக் கடிக்க முடியாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

அணில் ஒன்று கிளியிடம் ஓடிவந்தது.

"குரங்கண்ணன் ஈறு வீங்கிக் கிடக்கிறார் அக்கா. போன மாதம் எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஓடை ஈரத்தில் காய்த்த தோட்டத்துக் குடைமிளகாயைத் தினமும் தின்றேன், ஆறிவிட்டது. நெல்லியில் இருக்கிற சத்து அதிலும் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் அண்ணன் தூக்கி எறிகிறார். மிளகாய் என்றாலே ஆகாதாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?"

கிளி சிறிய குடைமிளகாய் ஒன்றையும், ஓர் ஊசிமிளகாயையும் எடுத்துக்கொண்டு பறந்தது. அணிலும் பின்னாலேயே ஓடியது.

"சாப்பிடு அண்ணே. நல்லா இருக்கு."

குரங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "அன்றைக்கும் இதையேதானே சொன்னாய்?"

"அன்றைக்கும் நான் பொய் சொல்லவில்லை. இதோ பார்" என்று கிளி ஊசிமிளகாயைக் கொறித்தது. அதன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. குரங்கு திகைத்துப் பார்த்தது.

சிந்திய துண்டை அணில் எடுத்து வாயில் வைத்தது. உடனே "ஐயோ, எரியுதே" என்று வாலைத் தூக்கிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது.

கிளி அலகைத் திறந்தபடி அப்படியே நின்றது.

"அணிலுக்கும் எரிகிறதா? அப்படியானால் என் நாக்குக்குத்தான் காரம் தெரியவில்லை. இது தெரியாமல் உன் வாயை எரித்துவிட்டேனே, அண்ணே. என்னை மன்னித்துவிடு. இந்தக் குடைமிளகாயை இனி நான் நல்லா இருக்கு என்று சொல்ல மாட்டேன். அணில் சொல்லட்டும்."

அணில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து குடைமிளகாயைத்தான் ஆவலோடு கடித்தது. 'கரக் கரக்' என்று சத்தம் கேட்டது. "அப்பாடா, எரிச்சல்கூட அடங்கிவிட்டது" என்றது.

குரங்கு பயந்து பயந்து ஒரு கடி கடித்தது. எரியவில்லை. தண்ணீரும் இனிப்புமாக இருந்தது. அதன் கண்ணில் நீர் வந்தது, ஆனால் அது காரத்தால் வந்த நீர் அல்ல.

தினமும் தின்றது. சில வாரங்களில் ஈறு ஆறியது, கீறலும் மூடியது. பிறகு ஒரு காலையில் குரங்கு நாவல் மரத்துக்கே திரும்பி வந்தது. கையில் ஒரு சிவந்த குடைமிளகாய் இருந்தது. இந்த முறை அதுதான் முதலில் கடித்தது. சதையைத் தான் வைத்துக்கொண்டு, கிளிக்குப் பிடித்த விதை நிறைந்த பாதியை மேல்கிளைக்கு நீட்டியது.

"நல்லா இருக்கு, கிளியம்மா" என்றது.

நீதி: உன் நாக்கை வைத்துப் பிறர் நாக்கை அளக்காதே, ஒருமுறை சுட்டது என்பதற்காக நல்ல உணவையும் நல்ல நண்பரையும் ஒதுக்காதே.