குளிருக்கும் கரண்டு, சூட்டுக்கும் கரண்டு

அரசு அலுவலகங்களின் மின்செலவை எப்படிக் குறைப்பது என்று கோட்டையில் கூட்டம் நடந்தது. ஏசி குளிரில் அமைச்சர் பரமகுரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இன்னொரு டீ, நல்லா சூடா!" என்றார்.

கேன்டீன் நடத்தும் வள்ளிக்கண்ணு டீயோடு வந்ததும் அமைச்சருக்கு ஒரு யோசனை உதித்தது.

"இந்தம்மாவோட மின்சார அடுப்புதான் கரண்டைக் குடிக்குது. இன்னைக்கே பிடுங்கி எறியுங்க!"

அடுப்பு போனால் பிழைப்பே போச்சு. ஆனாலும் வள்ளிக்கண்ணு கும்பிட்டுச் சொன்னாள்:

"பிடுங்கட்டும் ஐயா. ஆனா ஒரு சந்தேகம். அந்த ஏசி கரண்டைச் செலவழிச்சு உங்களை நடுங்க வைக்குது. நான் கரண்டைச் செலவழிச்சு அந்த நடுக்கத்தைத் தீர்க்கிறேன். ரெண்டுல எதை முதல்ல நிறுத்தணும்?"

ஓர் அதிகாரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அமைச்சர் அசடு வழியச் சால்வையை மடித்து வைத்தார்.

"ஏசியை இருபத்தாறு டிகிரியில வைங்கய்யா. மாநிலத்துல இருக்கிற எல்லா ஆபீசுக்கும் இதே உத்தரவு போடுங்க. அந்தம்மா அடுப்புல யாரும் கை வைக்கக் கூடாது!"

வள்ளிக்கண்ணு காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். அமைச்சருக்கு மட்டுமே கதவு திறக்கும் டவாலி, அன்றைக்கு அவளுக்கும் திறந்துவிட்டார்.