நாளுக்கு நூறடி

வீரணன் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தன்னைப் பற்றி அவன் சொல்கிற முதல் பேச்சே அதுதான். கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான்.

அவன் வேலை விதைக்கிறது. மலையடிவாரத்துக் காட்டின் மேற்கு ஓரத்தில் ஜமீனுக்கு ஒரு புஞ்சை இருந்தது. அங்கே விளைகிற தட்டைப்பயறு எந்த வீட்டு உலைக்கும் போனதில்லை. புரட்டாசிக் கடைசியில் வீரணன் விதைப்பான். மார்கழியில் கொடி மண்டிக் கிடக்கும். மான்கள் வந்து மேயும். வேலி கிடையாது, விரட்ட ஆள் கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. தை பிறந்ததும் ஜமீன்தார் விருந்தாளிகளோடு வேட்டைக்கு வருவார். புஞ்சையின் நாலு மூலையிலும் மூங்கில் தட்டி கட்டியிருக்கும். தட்டிக்குப் பின்னால் துப்பாக்கி இருக்கும். அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது!

இருபத்திரண்டு வருஷம் இந்த வேலை பார்த்த மனுஷன். நாற்பத்தெட்டாவது வயசில், ஆவணி மாதத்து ஒரு காலையில், மடியில் விதைமுடிச்சைக் கட்டிக்கொண்டு உலகம்மைத் தாயாரைத் தேடிப் போனான்.

தாயார் அதே காட்டுக்குக் கிழக்கே, ஒரு பாறை நிழலில் ஓலைக்குடிசை போட்டு இருந்தாள். வயசு முப்பத்தைந்துகூட இருக்காது. வெள்ளைச் சேலை, மேலே ஒரு காவித்துணி. அதிகம் பேசமாட்டாள். பேசினால் கேட்டவர்களுக்கு இரண்டு நாள் தூக்கம் கெடும் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

"தாயே, ஒரு கேள்வி இருக்கு."

"இருக்கட்டும். ஏன் இப்படி எலும்பும் தோலுமா வந்து நிக்கே? அதை முதல்ல சொல்லு."

அவ்வளவுதான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"சோறு இறங்க மாட்டேங்குது தாயே. தை மாசத்துலேருந்து இப்படித்தான். கவளத்தை வாயில வச்சா, பக்கத்துல யாரோ மெல்லுற சத்தம் கேக்குது. நான் நிறுத்தினா அதுவும் நிறுத்துது. நான் மென்னா அதுவும் மெல்லுது. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்ல."

"மனுஷன் மெல்லுற மாதிரியா?"

"இல்ல. பச்சைக்கொடியை மெல்லுற மாதிரி."

தாயார் ஒரு சொம்பு தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். தண்ணீருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. அவன் முழுதும் குடித்தான்.

"மானை எப்படி வரவழைப்பே?"

பாவி மனுஷன், அந்த நிலைமையிலும் முகம் மலர்ந்துவிட்டது. தொழில் பேச்சு அப்படித்தான்.

"முதல்ல உப்பு தாயே. நடுக்காட்டுல அதுக தண்ணி குடிக்கிற இடத்துல ஒரு கட்டி வைப்பேன். மறுநாள் நூறடி புஞ்சைப் பக்கமா. அதுக்கு மறுநாள் இன்னொரு நூறடி. பக்கத்துக் கிளையில என் அழுக்குத் துண்டைக் கட்டிருவேன். ஆளு கண்ணுல படக்கூடாது, வாசம் மட்டும் படணும். அந்த வாசம் வந்தா அங்கே உப்பு இருக்குன்னு அதுகளுக்குப் பழகிரும். நாப்பது நாள்ல புஞ்சைக்கு நடுவுல வந்து நிக்கும். அப்புறம் பயத்தங்கொடியை விட்டு எங்கே போகும்?"

"ஒரேயடியா ஐந்நூறு அடி நகத்தினா?"

"மிரண்டுரும் தாயே! நாளுக்கு நூறடி. அதான் இதுல சூட்சுமம்."

"வேட்டை அன்னைக்கு அந்தத் துண்டு எங்கே இருக்கும்?"

வீரணன் சொம்பைப் பார்த்தான்.

"சுடுறவர் போத்திக்கிடுவார். துவைக்காத துண்டா இருக்கணும். அது எங்க வழக்கம்."

"போன தையில என்ன நடந்துச்சு?"

"ஒரு பெண்மான். காது கிழிஞ்சது. ஆறு வருஷமா வருது. அது ஒண்ணுதான் என்னைக் கண்டு மிரளாது, என் உள்ளங்கையில உப்பு நக்கும். அன்னைக்கு அது புஞ்சையில மேயவே இல்ல. நேரா தட்டிக்கு வந்துருச்சு. விருந்தாளி போத்தியிருந்த என் துண்டுல மூஞ்சியை வச்சுத் தேச்சுச்சு. அவர் குழலை அது நெஞ்சுல வச்சே சுட்டார். நான் பின்னால நின்னேன். அது அவரைப் பாக்கல தாயே. துண்டைத்தான் பாத்துக்கிட்டே விழுந்துச்சு."

காட்டுக்குள் ஏதோ ஒரு குருவி இரண்டு தடவை கத்திவிட்டு நிறுத்தியது.

"உன் கேள்வியைக் கேளு."

"நான் விதைச்சேன். உப்பு வச்சேன். அவ்வளவுதான். சுட்டது வேற ஆளு. எனக்குப் பாவம் உண்டா? இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா இந்த வருஷமும் விதைச்சுருவேன். உண்டுன்னா இந்த முடிச்சை ஆத்துல விட்டுட்டு, ஜமீன் குடுத்த வீட்டையும் விட்டுட்டு எங்கேயாவது போயிருவேன். ஆனா இப்படிப் பட்டினியில சாக மாட்டேன் தாயே. என்னால முடியல."

"விதைக்க இன்னும் நாள் இருக்குல்ல? நாப்பது நாள் இங்கே இரு."

"சோறு?"

"சோறு வரும்."

மறுநாள் காலை, பாறைக்குப் பின்னால் ஒரு வாகை மரத்தடியில் இலை போட்டிருந்தது. தினைச்சோறு, தேங்காய், வெல்லம், மேலே ஒரு கரண்டி நெய். பக்கத்துக் கிளையில் தாயாரின் காவித்துணி தொங்கியது. திருநீறும் விறகுப் புகையும் கலந்த வாசம். சுற்றிலும் ஆளைக் காணோம்.

வீரணன் பயந்துகொண்டே உட்கார்ந்தான். ஒரு கவளத்தை வாயில் போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.

சத்தம் இல்லை.

இன்னொரு கவளம் போட்டான். அதற்கும் இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வயிறு நிறையச் சோற்றைப் பார்த்தது. இலையை வழித்துத் தின்றுவிட்டு, மரத்தில் சாய்ந்து ஓவென்று அழுதான். சந்தோஷம்தான், வேறென்ன!

சாயங்காலம் தாயாரிடம் போனான். காவித்துணி அவள் தோளுக்குத் திரும்பியிருந்தது.

"என் கேள்வி தாயே?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப சரி."

இரண்டாம் நாள் இலை வாகை மரத்தடியில் இல்லை. கொஞ்சம் தள்ளி ஒரு புதர் ஓரத்தில் இருந்தது. மூன்றாம் நாள் அதையும் தாண்டி. நிழல் பார்த்துப் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வயிறு நிறைந்தவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. காவித்துணி எங்கே தெரிகிறதோ அங்கே போவான், உட்காருவான், தின்பான்.

பத்தாம் நாளுக்கு மேல் துணியைப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. திருநீற்று வாசம் காற்றில் வந்தாலே வாயில் எச்சில் ஊறியது. கால் தானாக நடந்தது.

ஒருநாள், தொழில் புத்தி விடாமல், இலையைச் சுற்றித் தடம் பார்த்தான். ஈர மண். தன் காலடி தவிர வேறு காலடி ஒன்றுமே இல்லை. தாயார் வந்த தடமும் இல்லை, யார் வந்த தடமும் இல்லை. சோறோ ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். ஆனாலும் ஆறவிடாமல் தின்றான். மறுநாளிலிருந்து தடம் பார்ப்பதை விட்டுவிட்டான்.

"என் கேள்வி தாயே?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப சரி."

முப்பதாம் நாளில் கன்னம் உப்பிவிட்டது. முதுகில் சதை ஏறியது. நல்ல மேய்ச்சல் கண்ட உடம்பு அது. கேள்வி கேட்பதும் நின்றுபோனது. முப்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவனே வந்து தாயார் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"தாயே, நீங்க பதில் சொல்ல வேண்டாம். எனக்கே விளங்கிருச்சு. பாவம் இருந்தா சோறு இறங்குமா? இப்ப மலை மாதிரி போட்டாலும் இறங்குது. அந்தச் சத்தமும் இல்ல. நான் விதைக்கிறவன். என் கை சுத்தம். நாளைக்குக் கிளம்புறேன், விதைக்கணும்."

"போகலாம். நாளைக்கு ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போ. விதையையும் கையோட எடுத்துக்கோ."

நாற்பதாம் நாள் விதைமுடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான். வழக்கமான இடத்தையெல்லாம் தாண்டி நடந்தான். மரங்கள் விலகி, திறந்த வெளி வந்தது. நல்ல வெயில். வெளிக்கு நட்டநடுவில் தலைவாழை இலை. வடை, பாயசம், நெய் ஊற்றிய சோறு. கல்யாணச் சாப்பாடு! இன்றைக்குப் பக்கத்தில் கிளை இல்லை, துணியும் இல்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்து பிசைந்தான்.

மூன்றாவது கவளத்தில் பறவைச் சத்தம் நின்றது.

வீரணனின் கை இலையிலேயே நின்றது. அந்த அமைதி அவனுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள், தட்டிகளுக்குப் பின்னால் ஆட்கள் பதுங்கி உட்கார்ந்ததும் இப்படித்தான் பறவைகள் அடங்கும்.

முழங்காலுக்கு அடியில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தான். காய்ந்த பயத்தங்கொடி. போன வருஷத்துக் கொடி.

தலையைத் தூக்கினான். நாலு மூலையிலும் நாலு தட்டி. எல்லாம் அவன் கையால் கட்டிய முடிச்சுகள். இருபத்திரண்டு வருஷமும் மேற்கிலிருந்து ஊர்வழியாகவே புஞ்சைக்கு வந்தவன் அவன். உப்பு வைத்துவிட்டு வரும்போதும் மான் மிரளக்கூடாது என்று சுற்றுவழியாகத்தான் திரும்புவான். கிழக்கிலிருந்து, காட்டு வழியாக, மான் வருகிற வழியாக அவன் வந்ததே இல்லை. அந்தப் பக்கமிருந்து தன் புஞ்சை எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

புரட்டாசியில் யார் வேட்டைக்கு வரப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிரிக்கப் பார்த்தான். வாயில் இருந்த கவளத்தை மெல்ல முயன்றான்.

சத்தம் கேட்டது. பச்சைக்கொடியை மெல்லுகிற சத்தம். நாலு தட்டிக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

மெல்லுவதை நிறுத்தினான். இந்தத் தடவை அது நிறுத்தவில்லை.

எழுந்து ஓடலாம் என்றால் எந்தப் பக்கம் ஓடுவது? எல்லாப் பக்கமும் யோசித்துத்தானே தட்டி கட்டியிருந்தான். அப்போது காற்றில் திருநீற்று வாசம் வந்தது. கிழக்கு மூலைத் தட்டிக்குப் பின்னால் காவி தெரிந்தது.

"அப்பாடா! தாயே, நீங்களா? உயிரே போயிருச்சு."

எச்சில் கையோடு எழுந்து நேரே அந்தத் தட்டியைப் பார்த்து நடந்தான். நடக்க நடக்க பயம் விட்டது. வாயில் எச்சில்கூட ஊறியது. பத்தடி இருக்கும்போதுதான் பார்த்தான். காவித்துணிக்குள் இருந்த உருவம் தாயாரைவிட உயரமாக இருந்தது. முகம் தட்டிக்குப் பின்னால் மறைந்திருந்தது. அசையாமல் நின்றது.

"வீரணா, சாப்பிட்டியா?"

குரல் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மெதுவாகத் திரும்பினான். புஞ்சையின் ஓரத்து மரத்தடியில், வெறும் வெள்ளைச் சேலையில் தாயார் உட்கார்ந்திருந்தாள். தோளில் காவி இல்லை.

"தாயே... உங்க துணி?"

"நேத்து ராத்திரி கிளையில கட்டியிருந்தேன். காலையில வந்து பாத்தா காணோம்."

வீரணனின் இடுப்பில் இருந்த முடிச்சு நழுவி விழுந்து அவிழ்ந்தது. தட்டைப்பயறு அவன் காலைச் சுற்றிச் சிதறியது. அவனுக்குக் குனியத் தோன்றவில்லை. தட்டிக்குப் பின்னால் மெல்லுகிற சத்தம் நின்றிருந்தது. எதுவோ ஒன்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தது.

"அப்ப... அந்தத் தட்டிக்குப் பின்னால உங்க துணியைப் போத்திக்கிட்டு நிக்கிறது யாரு தாயே?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் சோறு மட்டும்தான் வச்சேன்."