எடுத்துக் கொடுக்கிறவர்

அடுத்தவங்க மறதியிலதான் கோதண்டத்துக்குச் சோறு. சபா நாடகத்துல படுதாவுக்குப் பின்னாடி நின்னு, நடிகர் வசனத்தை விட்டா எடுத்துக் கொடுக்கிற வேலை. ஹீரோ மூச்சு வாங்குறாரா முழிக்கிறாரான்னு முதுகைப் பாத்தே சொல்லிடுவார். முழிக்கிறாருன்னா முடிஞ்சுது, அடுத்த நொடி வார்த்தை அவர் காதுல இருக்கும். ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

அப்பேர்ப்பட்ட கோதண்டம்தான் போன வாரம் பெத்த பொண்ணு நாடகத்தைக் கெடுத்துட்டார்.

நித்திலா தானே எழுதி, தானே நடிக்கிற நாடகம். பத்து நிமிஷம்தான். ஒருத்தி லிஃப்ட்ல தனியா மாட்டிக்கிறா. சுவத்துல இருக்கிற அவசர பட்டனை அமுக்கிட்டு, அந்தப் பக்கம் ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாம பேசிட்டே இருக்கா. நடுவுல, "ஹலோ, கேக்குதா?"ன்னு கேட்டுட்டு அப்படியே நிக்கணும். நின்னா. ஹாலே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

மூணாவது வரிசையிலேர்ந்து கோதண்டம், கணீர்னு, "இங்க காத்தே இல்ல!"

வீட்டுல ஒத்திகை பாக்கும்போது கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகியிருந்த அடுத்த வசனம் அது. ஹால் மொத்தமும் சிரிச்சுது. நித்திலா சிரிக்கல.

"இனிமே என் நாடகத்துக்கு வராதீங்கப்பா"ன்னா. அதோட பேச்சு நின்னுபோச்சு. சாம்பார் வேணுமான்னு கேட்டாக்கூட தட்டைப் பாத்துத்தான் தலையாட்டுனா. ரொம்பக் கெஞ்சினதுக்கப்புறம், அம்மா மூலமா ஒரு பதில் வந்துது. ஜெசிந்தா மாஸ்டர் உள்ள விட்டா வரலாமாம்.

மாஸ்டரோட ஹால் துறைமுகத்துப் பக்கம், ஒரு ஐஸ் ஃபேக்டரி மாடியில. புதுசா எழுதுறவங்களோட சின்னச் சின்ன நாடகங்கள் அங்கதான் நடக்கும். ஒரு ஆள், ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. மாஸ்டருக்கு கோதண்டத்தோட கடைசித் தங்கச்சி வயசு இருக்கும். ஆனா நாடகம் பாக்கக் கத்துக்கணும்னா அவங்ககிட்டதான் போகணும்னு ஊர்ல பேச்சு.

கோதண்டம் செருப்பை வாசல்லயே விட்டுட்டுப் போய் நின்னார்.

"மாஸ்டர், நாளைக்குக் கடைசி ஷோ. என்னை உள்ள விடணும்."

"விட்டா?"

"வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிறேன்."

"வாய்க்கு ஒட்டுவீங்க. மனசு வசனம் சொல்லிட்டே இருக்குமே, அதுக்கு?"

கோதண்டம் தலையைச் சொறிஞ்சார். "தெரியாமத்தான் கேக்கறேன். மூணு மணி நேர நாடகத்துல ஒருத்தர் ஒரு நிமிஷம் சும்மா நின்னா, சரி, தாங்கும். பத்து நிமிஷ நாடகத்துலயும் சும்மா நின்னா, அங்க நான் எதைத்தான் பாக்கறது?"

மாஸ்டர் ஜன்னல் வழியா கீழ குரல் கொடுத்தாங்க. கயித்துல கட்டி ஒரு ஐஸ் பாளம் மேல வந்துது. அதை மேடையில ஒரு ஸ்டூல் மேல வச்சு, விளக்கைப் போட்டுட்டு, கோதண்டம் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"இதுதான் நாடகம். பாருங்க."

"நடிகர்?"

"அதோ."

"வசனம்?"

"அதுவே சொல்லும்."

கோதண்டம் பாத்தார். "உருகுது"ன்னார்.

மாஸ்டர் எழுந்து போய் விளக்கை அணைச்சாங்க. திரும்பப் போட்டாங்க. "முதல்லேர்ந்து."

கொஞ்ச நேரம் போச்சு. "இப்ப ஒரு சொட்டு விழும் பாருங்க."

விளக்கு அணைஞ்சுது. எரிஞ்சுது. "முதல்லேர்ந்து."

"மீன் வாடை அடிக்குது மாஸ்டர்."

"அதுவும் நாடகத்துல வருது. நீங்கதான் வரல. முதல்லேர்ந்து."

கோதண்டம் கையைக் கட்டிக்கிட்டார். ஐஸுக்குள்ள வெள்ளையா ஒரு கீறல் இருந்துது. அதுக்குப் பக்கத்துல ஒரு காத்துக் குமிழி. மூலையில ஒரு சொட்டு திரண்டுது. விழும்னு நினைச்சார். விழல. இப்ப கண்டிப்பா விழும். விழல. அவர் நினைக்கிறதை விட்ட ஒரு நேரத்துல, விழுந்துது. அடுத்தது எப்போன்னு தெரியல. தெரிய வேண்டாம் போல இருந்துது. விளக்கு அந்தக் கீறல்ல புகுந்து உள்ள ஒரு தெருவே போற மாதிரி இருந்துது, தெருக்கோடியில யாரோ நிக்கிற மாதிரி. கப்பல் ஒண்ணு எங்கேயோ ஊதுச்சு. அது கடல்லேர்ந்து வருதா ஐஸுக்குள்ளேர்ந்து வருதான்னு அவருக்குப் பிடிபடல. ஜன்னல்ல வெயில் மஞ்சளாச்சு, அப்புறம் அதுவும் போச்சு. ஸ்டூல் காலடியில தண்ணி மெதுவா அவர் பக்கமா நகர்ந்து வந்துது.

விளக்கு அணைஞ்சுது.

"முடிஞ்சுடுச்சா?"ன்னார் கோதண்டம். தூங்கி எழுந்த குரல்.

"நாளைக்கு வாங்க. முன்வரிசை."

மறுநாள் சாயங்காலம் ஹால் நிறைஞ்சிருந்துது. போன வாரத்துக் கதை ஊருக்கே தெரியும்போல, நாலு பேர் கோதண்டத்தைப் பாத்துக் கமுக்கமா சிரிச்சாங்க. மாஸ்டர் அவர் பக்கத்துல உக்காந்தாங்க. நித்திலா வந்தா. லிஃப்ட் நின்னுது. பட்டனை அமுக்கினா.

"ஹலோ, கேக்குதா?"

நின்னா.

முதல்ல அது அவ எழுதின மௌனம்தான். அப்புறம் அவளோட வலது கால் கட்டைவிரல் தரையை அமுக்க ஆரம்பிச்சுது. கோதண்டம் அதைப் பாத்துட்டார். வாய்ப்பாடு மறந்தா சின்னதுல அப்படித்தான் அமுக்குவா. இது நடிப்பு இல்ல. நிஜமாவே மறந்துட்டா.

அவ கண்ணு நேரா அவர்கிட்ட வந்துது. கொடுங்கப்பாங்கிற பார்வை.

வார்த்தை அவர் பல்லுக்குப் பின்னாடி வந்து தயாரா உக்காந்துது. இத்தனை வருஷத்துல ஒருத்தரையும் இவ்வளவு நேரம் அவர் தவிக்க விட்டதில்ல.

அவர் அவளைப் பாத்தார். காதோரம் முடி வேர்வையில ஒட்டியிருந்துது. கட்டைவிரல் இன்னும் தரையை அமுக்கிட்டே இருந்துது. அந்தச் சின்னப் பெட்டிக்குள்ள அவ தனியா நின்னுட்டிருக்கா, பட்டனுக்கு இந்தப் பக்கம் யாரோ இருக்காங்க, அந்த யாரோ தான்தான்னு அவருக்குத் தோணுச்சு. பாத்துட்டே இருந்தார். ஹால் எங்க போச்சுன்னு தெரியல.

நித்திலா பட்டன்கிட்ட முகத்தைக் கொண்டு போனா. யாரும் எழுதாத ஒரு குரல்ல சொன்னா:

"சரி... நீங்க பேச வேண்டாம். கட் மட்டும் பண்ணிடாதீங்க."

அதுக்கப்புறம் நாடகம் தானா ஓடுச்சு. விளக்கு அணைஞ்சுது. ஹாலே கை தட்டுச்சு.

வெளிய படிக்கட்டுல கூட்டம் இறங்கிட்டிருந்துது. உள்ளேர்ந்து நித்திலா எட்டிப் பாத்தா. "அப்பா, போயிடாதீங்க. முகம் கழுவிட்டு வரேன், சேர்ந்து போலாம்."

கோதண்டம் தலையாட்டுனார். அவ உள்ள போனதும் மாஸ்டர் பக்கம் சாஞ்சு, ரகசியமா சொன்னார்:

"நிஜமாவே மறந்துட்டா மாஸ்டர். எனக்குத் தெரியும். என்னைப் பாத்து கேக்கக்கூட செஞ்சா. நான் அந்த வசனத்தை எடுத்துக் கொடுத்திருக்கணுமோ?"

மாஸ்டர் திரும்பிப் பாத்தாங்க.

"எந்த வசனத்தை சார்?"

சொல்றதுக்கு கோதண்டம் வாயைத் திறந்தார். திறந்தபடியே, வலது கால் கட்டைவிரலால படியை அமுக்கிட்டு நின்னுட்டார்.