ஆவாரியோட பாறைப் பங்கு

ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்காரி இருந்தா. பேரு ஆவாரி. இரும்பே இல்லாத காலம்டா கண்ணு, மான்கொம்பாலதான் மண்ணு வெட்டணும். ஆவாரிக்குச் சொத்துன்னா பன்னெண்டு ஆடு, அவ்ளோதான். கேக்குறியா?

ம்.

ஆடு மேயறது இந்தப் பக்கம். தண்ணி குடிக்கிற மடு அந்தப் பக்கம், பக்கத்து ஊர்ப் பெரியவர் வேம்பன் எல்லையில. எது யாரு நிலம்னு ரெண்டு ஊருக்கும் ஓயாத சண்டை. முள்ளு அடைச்சுப் பாத்தாங்க, கரையான் தின்னுடுச்சு. கல்லு நட்டுப் பாத்தாங்க, கல்லு நகந்து போச்சு. தானாவா நகரும்? ஆளுங்கதான் நகத்துனாங்க. அப்புறம் ஆவாரி ஊர்ப் பெரியவர் மாசான் சொன்னாரு, "மலையிலேர்ந்து ஓடை வரைக்கும் பள்ளம் வெட்டுவோம். அந்த மண்ணையே பக்கத்துல கரையாப் போடுவோம். கரையை எவன் தூக்கிட்டுப் போவான்?"

வீட்டுக்கு ஒரு பங்கு வெட்டணும், அதுல ஒரு பங்கு முழுக்கப் பாறை. ஒருத்தர் பங்குல இன்னொருத்தர் கை வைக்கக்கூடாது. அதுதான் முறை.

ஆவாரி யோசிச்சா. ஆள் ஆழப் பள்ளத்த ஆடு எப்படித் தாண்டும்? தாகத்துல செத்துப்போகுமே! அப்புறம் மெதுவா, "எனக்கு அந்தப் பாறைப் பங்கு குடுங்க மாமா"ன்னா.

எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. "பாறைய எத வச்சு வெட்டுவ, பல்ல வச்சா?"

"அது என் பாடு."

ஊரே சரக் சரக்குன்னு வெட்டி முடிச்சுது. ஆவாரி பங்குல மட்டும் டொக்கு... டொக்கு... ஆடெல்லாம் பாறை மேல நடந்து போய்த் தண்ணி குடிச்சிட்டு வருது.

மாசான் வந்தாரு. "என்ன புள்ள இது?"

"வெட்டிட்டுத்தானே இருக்கேன் மாமா." டொக்கு.

மறுபடி வந்தாரு. "இன்னுமா முடியல?"

"கொம்பு முறிஞ்சு போச்சு மாமா." டொக்கு.

ம்?

ம்.

மூணாந்தடவை வேம்பனையும் கூட்டிட்டு வந்தாரு. "வெட்ட வேணாம். ரெண்டு ஊரும் பாறை மேல மண்ணு கொட்டி அடைச்சிடுவோம்"னாரு.

அப்போ, "ம்ம்மா!" வேம்பனோட மாடுங்க பாறை மேல ஏறி, ஆவாரி ஊர்ப் புல்லுக்கு வருதுங்க. எதிர்த்தாப்புல மாசானோட எருது தண்ணிக்குப் போகுது. ரெண்டு பேரும் பாத்தாங்க.

வேம்பன் தொண்டையக் கனைச்சாரு. "அவ பங்குல நாம கை வைக்கக்கூடாதுல்ல?"

"ஆமாமா, முறைன்னா முறைதான்"னு மாசான் இழுத்தாரு. "ஆவாரி, அவசரமில்லம்மா. மெதுவா வெட்டு."

"சரிங்க மாமா." டொக்கு.

வெட்டி வெட்டி, அவ பேத்தி காலத்துல அந்தப் பாறையில ஒரு கையளவு குழி விழுந்துச்சு.

ம் சொல்லு... சொல்லலியா? சரி, ஆடெல்லாம் தண்ணி குடிச்சுப் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் தூங்கு.