பாதியில் நின்ற பாடம்

போன் வீடியோவில் அந்தக் கைகள் நின்றுவிட்டன.

வேலாண்டியின் கத்தரிக்கோல் பட்டில் பாதி தூரம் போயிருந்தது. அந்தக் கைகள் வெட்ட வெட்ட இவனும் கூடவே வெட்டிக்கொண்டு வந்திருந்தான். முழுப் பாடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வெட்டியிருக்கலாம். பார்க்கவில்லை. அந்தக் கைகள் இதுவரை ஏமாற்றியதே இல்லை, அதுதான் காரணம்.

கைகள் கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தன.

"யாரு அங்கே?" என்றது குரல்.

வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பை சரசரத்தது. தூரத்தில் ஐஸ் வண்டியின் ஹாரன் கேட்டது. ஒரு செருப்பு மண்ணில் தேய்ந்தது.

பாடம் அதோடு முடிந்துவிட்டது.

திரும்ப ஓட்டிப் பார்த்தான். யாரு அங்கே. பை. ஹாரன். செருப்பு. அவ்வளவுதான்.

மேசையில் கிடந்தது ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு. கழுத்தும் கையும் ஒட்டுத் தையல் இல்லாமல் ஒரே துணியில் வர வேண்டிய ரவிக்கை. கோவில்பட்டியில் வேறு எவனாலும் முடியாது என்று சொல்லி வாங்கிப் போட்டது. புடவையோடு சேர்த்து நெய்த துணி, இன்னொரு முழம் கேட்டால் கிடைக்காது. வெள்ளிக்கிழமை கல்யாணம். கத்தரி இனி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? அவனுக்குத் தெரியாது.

"மாஸ்டர், உள்ள யாரோ பொம்பள 'யாரு அங்கே'ங்குது?" திரைக்கு அந்தப் பக்கமிருந்து பாக்கியம் கேட்டாள். கடையில் ஹெம்மிங் தைப்பவள்.

"சீரியல்."

"பட்டுல கத்தரி வச்சுக்கிட்டு சீரியலா? கொடுத்து வச்ச கைதான். யாருகிட்ட படிச்சீங்க மாஸ்டர்?"

"யாருகிட்டயும் இல்ல. பிறவியில வந்தது."

எப்போதும் இதைத்தான் சொல்வான். ஊரும் நம்பியது. கடைப் பலகையில் 'வேலாண்டி மாஸ்டர்' என்று எழுதியிருந்தது. துணி போட்டுத் தரும் பிளாஸ்டிக் பையிலும் அதுவே.

உண்மை வேறு. அவனுக்குத் தெரிந்த வெட்டு எல்லாம் ஒரு வலைப்பூவிலிருந்து வந்தது. எழுத்தும் இருக்கும், வீடியோவும் இருக்கும். முகம் வராது. இரண்டு கைகள், ஒரு சாக்கட்டி, துணி. சொல்லித் தருபவர் பெயர் ஜெசிந்தா. அவர் யாரிடமும் காசு கேட்டதில்லை. பாடத்தின் கடைசியில் மட்டும் ஏதோ பேசுவார். அது என்னவென்று வேலாண்டிக்குத் தெரியாது. வெட்டு முடிந்ததும் மூடிவிடுவான்.

பழைய பாடங்களில் வழி இருக்குமா என்று தேடினான். முதல் பாடத்தைக் காணோம். அதற்கு அடுத்ததையும் காணோம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தலைப்பு மறைந்தது.

வலைப்பூவின் அடியில் முகவரி இருந்தது. துணியை வெட்டிய வாக்கிலேயே மடித்துக் கடைப் பையில் போட்டான். பாக்கியத்திடம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

கடலோர உவரியில் இறங்கும்போது உச்சி வெயில். தெருவில் ஆள் இல்லை. நாய்கூட இல்லை. அந்த வீட்டின் கதவு திறந்து கிடந்தது.

எட்டிப் பார்த்தான். அதே மேசை. ஓரம் உடைந்த அதே நீலத் தரை. டேப் தொங்கும் ஆணிகூட அவனுக்குத் தெரியும். தெரிந்த வீடு. கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றான்.

மேசை முன்னால் ஒரு பெண் முதுகு காட்டி நின்றார். வயது இருபத்தைந்து இருக்கலாம். வேலாண்டியைவிட ரொம்பச் சின்னவர்.

"வெளிச்சத்தை மறைக்காதீங்க, அண்ணாச்சி," என்றார் திரும்பாமல்.

வேலாண்டி நகர்ந்தான்.

"எப்பவும் இப்படித்தான் வந்து நிப்பீங்களோ?"

"இப்பத்தான் முதல் தடவை வர்றேன் தங்கச்சி."

"அப்படியா?"

திரும்பினார். அந்த முகத்தை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. கையைப் பார்த்தான். அது தெரிந்த கை.

துணியை எடுத்து மேசையில் விரித்தான். "பாதியில நிப்பாட்டிட்டீங்க. என் துணியும் பாதியில நிக்குது. வெள்ளிக்கிழமை கல்யாணம்."

அவர் வெட்டு விளிம்பில் விரலை ஓட்டினார்.

"முழுசாப் பாக்காம கத்தரி வச்சீங்களா?"

"நீங்க எப்பவும் முடிப்பீங்கள்ல?"

"நான் முடிப்பேன். நீங்கதான் முடியிற வரைக்கும் இருந்ததில்ல."

வேலாண்டிக்கு எரிச்சல் வந்தது. "பாடமெல்லாம் எங்க போச்சு?"

"நான்தான் ஒவ்வொண்ணா அழிச்சுட்டு வர்றேன்."

"ஏன்?"

"பயமா இருக்கு அண்ணாச்சி."

போனை எடுத்துக் காட்டினார். அதில் பாடத்தைப் பார்த்தவர் கணக்கு ஒரு கோடாக மேடும் பள்ளமுமாக ஓடியது.

"இது கை வளைவுப் பாடம். பாத்தது ஒரே ஆளு. திரும்பத் திரும்ப அதே ஆளு. இந்த மேடு தெரியுதா? அங்க வந்ததும் நிக்கும். பின்னால போகும். மறுபடி வந்து அங்கயே நிக்கும். நான் பேசுறதைக் கேக்கும், என் கையையே பாக்கும். வெட்டி முடிச்சதும் போயிரும். கடைசியில நான் ஒண்ணு கேப்பேன். அதுக்குள்ள இருக்காது."

"என்ன கேப்பீங்க?"

பாடத்தைக் கடைசிக்குத் தள்ளி ஓடவிட்டார். வேலாண்டிக்குத் தன் அம்மா குரலைவிடப் பழக்கமான குரல். ஆனால் இந்த வார்த்தைகள் புதிது.

"பாத்தவங்க உங்க பேரைக் கீழ எழுதிட்டுப் போங்க. நன்றியெல்லாம் வேண்டாம். யாரு இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

அதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எந்தப் பாடத்துக்குக் கீழேயும் இல்லை.

"உங்க வீட்டுக்குள்ள ஒருத்தர் தினமும் வந்து, உங்க கையையே பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாமப் போனா, அதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

"பேயிம்பாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அவர் சிரிக்கவில்லை. "எங்க அம்மா என்னைய ஃபாதர்கிட்ட ஜெபிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. அவரு நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னாரு. அது மறுநாளும் வந்துச்சு."

"நான் பேய் இல்ல, டீச்சர்."

அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"டீச்சரா? இதை உங்க கடையில சொல்லியிருக்கீங்களா?"

வேலாண்டி துணியைப் பார்த்தான்.

"கடையில உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"மாஸ்டர்னு."

"சரி."

அவர் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் அவனுக்குச் சங்கடமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அன்னைக்கு வாசல்ல வந்தது யாரு?" என்று பேச்சை மாற்றினான்.

"தெரியல. வெளிய போய்ப் பாத்தேன். தெரு காலி. மண்ணுல செருப்புத் தடம் மட்டும் இருந்துச்சு. வந்த தடம் இல்ல, போன தடம் இல்ல. நின்ன தடம்."

வெளியே வெயில் அசையாமல் கிடந்தது.

"டீச்சர், இந்தத் துணி பொழைக்குமா?"

"பொழைக்கும். ஒரே ஒரு திருப்பந்தான் பாக்கி."

"சொல்லித் தாங்க."

"தர்றேன். பயத்துல பாதியோட போட்ட பாடமும் அங்கதான் நிக்குது. விட்ட எடத்துலருந்து எடுத்துட்டா உங்களுக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு." போனைத் தாங்கியில் மாட்டினார். மேசையில் வேறொரு துணியை விரித்தார். "வெளிய போய் நில்லுங்க. யாரு அங்கேன்னு கேப்பேன். பேரைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க, கத்துக்கிட வந்திருக்கேன்னு சொல்லுங்க. உள்ள வாங்கன்னு சொல்லிட்டு மிச்சத்தை வெட்டுறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். துணியையும் எடுத்துக்கோங்க. கத்துக்கிட வர்றவங்க வெறுங்கையோட வர மாட்டாங்க."

வேலாண்டி துணியை மடித்துப் பையில் வைத்தான். வாசல்படியில் நின்றுவிட்டான்.

"நான் பேசுறது வீடியோவுல வருமா?"

"வரும்."

"பேருமா?"

"பேருந்தான்."

பாக்கியம் அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டாள். கல்யாணப் பெண்ணின் அம்மா பார்ப்பாள். பிறவியில் வந்த கை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். எதிர்க்கடைக்காரன் பார்ப்பான். ஒரு சின்னப் பெண்ணின் வாசலில் நின்று கத்துக்கிட வந்திருக்கேன் என்று மாஸ்டர் சொல்வதை எல்லோரும் பார்ப்பார்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள்.

"டீச்சர், பேர் வேண்டாமே. சும்மா 'நான்தான்'னு சொல்லிடுறேனே?"

ஜெசிந்தா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

"நான்தான்னு எல்லாப் பேயும் சொல்லும், அண்ணாச்சி."

வேலாண்டி வெளியே வந்தான். செருப்பை மாட்டினான். வாசல் மண்ணில் நின்றான்.

உள்ளே துணி வெட்டுப்படும் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போனது. நின்றது. கத்தரிக்கோலைத் துணிமேல் வைக்கும் சத்தம்.

"யாரு அங்கே?"

வாய் திறந்தது. பல்லுக்குப் பின்னால் பேர் வந்து நின்றது.

கையிலிருந்த பை சரசரத்தது.

அவன் கீழே பார்த்தான். தன் பை. தன் பேர் போட்ட பை. அந்தச் சத்தத்தை அவன் முன்பே கேட்டிருந்தான், கோவில்பட்டியில், திரைக்குப் பின்னால், இதே பட்டின் முன்னால் நின்றுகொண்டு.

கடல் பக்கமிருந்து ஐஸ் வண்டியின் ஹாரன் கேட்டது.

அடுத்து என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். கால் விரல்களைச் செருப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டான். உள்ளே அவர் காத்திருந்தார். பேரைச் சொல்லத்தான் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

வேலாண்டி சொல்லவில்லை. செருப்பு மண்ணில் தேய்ந்தது.